பலகாரம் பிழியும் கைக்கு எந்த சோப்பு?

கேள்வி: டாக்டர் தம்பிக்கு, கானாடுகாத்தான் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். வயது 61. வீட்டு இரண்டாம் கட்டில் வைத்துப் பன்னிரண்டு வருஷமாகப் பலகாரம் செய்து கொடுக்கிறேன். தேன்குழல், மனகோலம், சீப்புச்சீடை, மாவுருண்டை. விசேஷ வீடுகளுக்குப் பால் பணியாரமும் கந்தரப்பமும் உண்டு. ஆறு பெண்கள் வேலைக்கு வருகிறார்கள். கொரோனா சமயத்தில் சென்னையிலிருந்து வந்து தங்கிய மருமகள், கிருமியைக் கொல்லும் ஆன்டிபாக்டீரியல் சோப்புதான் வைக்க வேண்டும் என்று சொல்லிப் பெட்டி பெட்டியாக வாங்கி வைத்துவிட்டார். அன்றிலிருந்து அதுதான். இப்போது தேன்குழல் பிழியும் பெண்ணுக்கு விரல் இடுக்கெல்லாம் சிவந்து, தோல் உரிந்து, வெடித்துக் கிடக்கிறது. "ஆச்சி, இந்த சோப்பைத் தொட்டாலே எரியுது" என்கிறாள். மருமகளோ, வெடித்த கைக்குத்தான் கிருமி சோப்பு கட்டாயம் வேண்டும் என்கிறார். போதாததற்கு, அந்த சோப்பில் இருக்கும் மருந்து ஹார்மோனைக் கெடுக்கும், அமெரிக்காவில் தடை செய்துவிட்டார்கள் என்று வாட்ஸப்பில் வந்தது. எது நிஜம்? என் மாமியாருக்கு 84 வயது, சர்க்கரை உண்டு. அவர்கள் குளிக்கும் தண்ணீரில் தினமும் ஒரு மூடி ஆன்டிசெப்டிக் விடுகிறோம். அதுவும் சரிதானா?

பதில்: ஆச்சி, வணக்கம்.

அடுப்பில் எண்ணெய் காயும்போது நீளக் கடிதம் படிக்க முடியாது. அதனால் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாதாரண சோப்பு போதும். வீட்டுக்கும் போதும், பலகாரக் கட்டுக்கும் போதும். அந்தப் பெண்ணின் கைக்கு ஆன்டிபாக்டீரியல் சோப்பை இன்றைக்கே நிறுத்துங்கள். மாமியார் குளிக்கும் தண்ணீரில் மருந்து விடுவதையும் நிறுத்துங்கள். அமெரிக்கத் தடை என்று வந்த செய்தி பாதி நிஜம்.

மிச்சத்தை ஓய்வாக இருக்கும்போது படியுங்கள். மருமகளுக்கும் காட்டுங்கள். அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

தேன்குழல் மாவுக்கு நெய் விட்டுப் பிசைந்த கையை வெறும் தண்ணீரில் நீட்டிப் பாருங்கள். தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடிவிடும், பிசுக்கு அப்படியே இருக்கும். சோப்பைத் தேய்த்தால்தான் பிசுக்கு கிளம்பி நுரையோடு போகும். சோப்பு மூலக்கூறின் ஒரு முனை எண்ணெயைப் பிடிக்கும், மறுமுனை தண்ணீரைப் பிடிக்கும், அவ்வளவுதான் சூட்சுமம். வெளியிலிருந்து கைக்கு வந்த கிருமிகளில் பெரும்பாலானவை இந்தப் பிசுக்கிலும் அழுக்கிலும்தான் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பிசுக்கு போனால் அவையும் போகும். உயிரோடு போனால் என்ன, செத்துப் போனால் என்ன, நம் கையை விட்டுச் சாக்கடைக்குப் போனால் சரி. கொரோனா, இன்ஃப்ளூயன்சா போலக் கொழுப்பு உறை போர்த்திக்கொண்ட வைரஸ்களை சாதாரண சோப்பே உடைத்துவிடும். அன்றைக்கு மருமகள் பயந்தது கொரோனாவுக்கு. அதற்கு மளிகைக் கடையில் கிடைக்கும் எந்த சோப்பும் போதுமானதாக இருந்தது.

ஆன்டிபாக்டீரியல் சோப்பும் அடிப்படையில் இதே சோப்புதான். அதில் கூடுதலாகக் கொஞ்சம் மருந்து இருக்கும், பல சோப்புகளில் நூற்றுக்கு ஒரு பங்குகூட இருக்காது. பாக்டீரியாவைக் கொல்ல அந்த மருந்துக்கு நேரம் வேண்டும். 2015-இல் தென்கொரியாவில் ஒரு சோதனை செய்தார்கள். ட்ரைக்ளோசான் என்ற கிருமி கொல்லும் மருந்தை 0.3 சதவீதம் சேர்த்த சோப்பையும், அது சேர்க்காத அதே சோப்பையும் வைத்து, நாம் கை கழுவும் அளவு நேரத்துக்குப் பாக்டீரியா மேல் விட்டுப் பார்த்தார்கள். வித்தியாசம் இல்லை. மருந்து சோப்பு முந்தியது எப்போது தெரியுமா? ஒன்பது மணி நேரம் ஊறவிட்ட பிறகு! ஒன்பது மணி நேரம் கையில் நுரையோடு உட்கார்ந்திருந்தால் தீபாவளி ஆர்டர் என்ன ஆவது?

அட்டையில் "99.9 சதவீதம் கிருமிகளைக் கொல்லும்" என்று இருக்கும். அருகில் பொடி எழுத்தில் ஒரு நட்சத்திரக் குறியும் இருக்கும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைப் படியுங்கள். ஆய்வுக்கூடத்தில், குறிப்பிட்ட சில பாக்டீரியா மேல், குறிப்பிட்ட நேரம் வைத்துச் செய்த சோதனை என்று அதில் ஒப்புக்கொண்டிருப்பார்கள். அந்தக் கணக்கும் கேட்கிற அளவுக்குப் பெரிதில்லை. பத்து லட்சம் பாக்டீரியாவில் 99.9 சதவீதம் போனாலும் ஆயிரம் மிச்சம் இருக்கும். சளி பிடிக்க வைப்பதும், குழந்தைகளுக்கு வாந்தி பேதி தருவதில் பெரும்பங்கும் வைரஸ்கள். பாக்டீரியாவுக்காகச் சேர்த்த மருந்து அவற்றை எண்ணிச் சேர்க்கப்படவே இல்லை.

ஆய்வுக்கூடம் கிடக்கட்டும், வீடுகளில் என்ன நடந்தது என்று மருமகள் கேட்பார். கேட்க வேண்டியதுதான். எனக்கு ரொம்பப் பிடித்த ஆய்வு கராச்சியில் நடந்தது, 2005-இல் வெளியானது. பிடித்ததற்குக் காரணம், அது நம்மைப் போன்ற வெயிலும் தூசியும் தண்ணீர்ப் பிரச்சினையும் உள்ள ஊர். நெருக்கடியான குடியிருப்புகளில் 900 வீடுகளுக்குமேல் எடுத்துக்கொண்டார்கள். ஒரு பகுதிக்கு சாதாரண சோப்பு, ஒரு பகுதிக்கு ட்ரைக்ளோகார்பன் சேர்த்த ஆன்டிபாக்டீரியல் சோப்பு. இரண்டும் பார்க்க ஒன்று போலவே இருக்கும், வாங்குகிறவருக்கு எது எது என்று தெரியாது. மூன்றாவது பகுதிக்கு சோப்பு கொடுக்கவில்லை. வாராவாரம் ஆட்கள் போய் எப்படிக் கழுவுவது என்று சொல்லிக் கொடுத்தார்கள், ஒரு வருஷம் கணக்கெடுத்தார்கள். சோப்பு வாங்கிய வீடுகளில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு நிமோனியா பாதியாகக் குறைந்தது. பதினைந்து வயதுக்குட்பட்டவர்களுக்கு வயிற்றுப்போக்கு 53 சதவீதம் குறைந்தது. சீழ்ப்புண் 34 சதவீதம் குறைந்தது. எந்த மருந்துக்கடை மாத்திரையும் இப்படிச் செய்ததாக எனக்கு நினைவில்லை. சரி, இரண்டு சோப்பில் எது ஜெயித்தது? எதுவும் இல்லை. சாதாரண சோப்பு வாங்கியவர்களுக்கும் மருந்து சோப்பு வாங்கியவர்களுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. நியூயார்க்கில் 2004-இல் வெளியான இன்னொரு ஆய்விலும், வீடு முழுக்க ஆன்டிபாக்டீரியல் பொருள்களைப் பயன்படுத்திய குடும்பங்களுக்கும் மற்றவர்களுக்கும் காய்ச்சல், சளி, பேதி எல்லாம் ஏறத்தாழ ஒரே அளவில்தான் வந்தன.

இனி அமெரிக்கத் தடை. அங்கே உணவு, மருந்து நிர்வாகம் 2013-இல் கம்பெனிகளைப் பார்த்து இரண்டு கேள்வி கேட்டது. உங்கள் சோப்பு சாதாரண சோப்பைவிட மேல் என்பதற்கு ஆதாரம் எங்கே? வருஷக்கணக்கில் தினமும் போட்டால் கெடுதல் இல்லை என்பதற்கு ஆதாரம் எங்கே? இரண்டுக்கும் திருப்தியான பதில் வரவில்லை. 2016 செப்டம்பரில் ட்ரைக்ளோசான், ட்ரைக்ளோகார்பன் உட்பட 19 மருந்துகளை, பொதுமக்கள் தண்ணீர் விட்டுக் கழுவும் சோப்புகளில் சேர்க்கக் கூடாது என்று சொல்லி, ஒரு வருஷம் அவகாசம் கொடுத்தது. பென்சல்கோனியம் குளோரைடு, பென்செத்தோனியம் குளோரைடு, குளோரோசைலினால் ஆகிய மூன்றுக்கு மட்டும் இன்னும் தரவு கொடுங்கள் என்று தள்ளி வைத்தது. ஆஸ்பத்திரியில் பயன்படுத்துபவை அந்த உத்தரவில் வரவில்லை. விஷம் என்று யாரும் தடை செய்யவில்லை, ஆச்சி. பிரயோஜனம் இருப்பதாக நிரூபிக்க முடியாத ஒன்றைத் தினமும் உடம்பில் தேய்ப்பானேன் என்ற கேள்விதான் அது. வாட்ஸப்பில் வந்ததைப் பாதி நிஜம் என்றது இதனால்தான். அந்த உத்தரவு நம் நாட்டுக் கடைகளைக் கட்டுப்படுத்தாது. உங்கள் வீட்டு அட்டையில் எது இருக்கிறது என்று நீங்கள்தான் திருப்பிப் பார்க்க வேண்டும்.

ஹார்மோன் விஷயம்: எலிகளுக்கு ட்ரைக்ளோசான் கொடுத்துப் பார்த்ததில் தைராய்டு ஹார்மோன் அளவு குறைந்தது. மனிதர்களிடம் அப்படி ஒரு கெடுதல் உறுதியாகக் காட்டப்படவில்லை. ஆனால் மருந்து உடம்புக்குள் போகிறது என்பது உறுதி. அமெரிக்காவில் 2003-04-இல் எடுத்த கணக்கில், சோதித்தவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேரின் சிறுநீரில் ட்ரைக்ளோசான் இருந்தது. கழுவிவிட்டது எங்கே போகிறது என்றும் பார்க்க வேண்டுமே. நம் காவிரியிலும் தாமிரபரணியிலும் அதை ஆய்வாளர்கள் கண்டு பதிவு செய்திருக்கிறார்கள். ஊருணித் தண்ணீரைக் குடித்து வளர்ந்த ஊர்க்காரர்களுக்கு இதற்குமேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

எனக்கு ஹார்மோனைவிடப் பெரிய கவலை வேறு. ட்ரைக்ளோசான் எல்லாவற்றையும் கண்மூடித்தனமாக அழிக்கும் பொருள் என்று முன்பு நினைத்தார்கள். பாக்டீரியா தன் மேலுறைக்கு வேண்டிய கொழுப்பைத் தயாரிக்க உதவும் ஒரு நொதியை அது குறிவைக்கிறது என்று 1998-இல் தெரிந்தது. ஆன்டிபயாடிக் வேலை செய்வதும் இப்படித்தான். காசநோய்க்குக் கொடுக்கும் ஐசோனியாசிட் மாத்திரை குறிவைப்பதும் இதே குடும்பத்து நொதியைத்தான். குறி ஒன்று என்றால், அந்த இடத்தை மட்டும் மாற்றிக்கொண்டு தப்பிக்கும் பாக்டீரியாவும் வரும். வீடுகளில் ஒரு வருஷம் பார்த்ததில் அப்படிப் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் மருந்துக்கு அடங்காத கிருமிகளோடு தினமும் மல்லுக்கட்டுகிறவன் என்ற முறையில், பலன் தராத இடத்தில் மருந்தை வீணாக்குவதைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

இப்போது அந்தப் பெண்ணின் கை. இதுதான் உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், அது கையில் வரும் எக்ஸிமா, அதாவது தோல் அழற்சி, போலத் தெரிகிறது. நேரில் பார்க்காமல் அடித்துச் சொல்ல மாட்டேன். என் கிளினிக்குக்கு வாரத்துக்கு நாலைந்து பேர் இப்படி வருகிறார்கள். பாத்திரம் தேய்ப்பவர்கள், பியூட்டி பார்லரில் வேலை செய்பவர்கள், நர்ஸுகள், சமையல் வேலைக்குப் போகிறவர்கள். எல்லாருக்கும் கதை ஒன்றுதான். ஒரு நாளைக்கு இருபது முப்பது தடவை சோப்பு, தண்ணீர், மறுபடி சோப்பு. நம் தோலின் மேல்படிவத்தை வீட்டுச் சுவராக நினைத்துக்கொள்ளுங்கள். செல்கள் கல், நடுவில் இருக்கும் கொழுப்பு சாந்து. நம் பக்கத்து வீடுகளில் முட்டை வெள்ளைக்கரு கலந்து பூசிய சுண்ணாம்புச் சுவரே, தொடர்ந்து நனைந்தால் பொரிந்து உதிர்ந்துவிடும். தோலின் சாந்தும் அப்படித்தான். சோப்புக்கு மாவுப் பிசுக்கு எது, தோலின் சொந்தக் கொழுப்பு எது என்று தெரியாது. இரண்டையும் சேர்த்துக் கழுவிவிடும். தோல் லேசான புளிப்புத் தன்மை கொண்டது, சோப்புக் கட்டி காரத் தன்மை கொண்டது. அதன்மேல் எரிச்சல் தரக்கூடிய ஒரு மருந்தையும் வாசனையையும் சேர்த்தால் என்ன ஆகும்? அந்தப் பெண் எரியுது என்று சொன்னது சாக்கு இல்லை.

மருமகளின் நியாயம் இங்கேதான் இருக்கிறது. வெடித்த தோலில் கிருமி தங்கும் என்று அவர் பயந்தது சரி. முழுசாக இருக்கும் தோலில் நமக்குத் துணையான பாக்டீரியாக்கள் குடியிருந்து வெளியாட்களை அண்டவிடாமல் பார்த்துக்கொள்கின்றன. எக்ஸிமா வந்து வெடித்த தோலில் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா எளிதாக வந்து ஒட்டிக்கொள்ளும். அந்தப் பெண் பால் பணியாரத்தில் கை வைத்தால் அது பாலுக்குள் போகும். வெயில் நாளில் விசேஷ வீட்டுப் பந்தலில் நாலைந்து மணி நேரம் இருந்தால் அங்கே பெருகி ஒரு நச்சை உண்டாக்கும். அந்த நச்சைக் கொதிக்க வைத்தாலும் அழிக்க முடியாது. சாப்பிட்ட அரை மணியிலிருந்து எட்டு மணி நேரத்துக்குள் வாந்தி தொடங்கும். கல்யாண வீட்டில் பந்தியோடு பந்தியாக விழுந்தார்கள் என்று படிக்கிறோமே, அதில் இப்படிப்பட்டவையும் உண்டு. தேன்குழல், சீடை, மாவுருண்டையில் ஈரம் இல்லாததால் இந்தப் பயம் மிகக் குறைவு. பால் பணியாரம், தேங்காய்ச் சட்னி, ஊறவைத்த எதுவானாலும் பயம் அதிகம்.

ஆக, உங்கள் சமையல்கட்டில் பெரிய கிருமி ஆபத்து அந்த வெடிப்பு. வெடிப்பை வளர்ப்பதில் அந்த சோப்புக்கும் பங்கு இருக்கிறது. கிருமிக்குப் பயந்து போட்ட சோப்பு, கிருமிக்குத் திண்ணை போட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

அதனால் கை ஆறும்வரை அவரை மாவிலிருந்தும் பாலிலிருந்தும் தள்ளி வையுங்கள். சம்பளத்தைப் பிடிக்காமல்! பொட்டலம் எடை போடுவது, லேபிள் ஒட்டுவது, கணக்கு எழுதுவது என்று உட்கார வையுங்கள். உணவுப் பாதுகாப்பு விதிகளின்படியும் கையில் புண் உள்ளவர் உணவைத் தொடக் கூடாது. கை கழுவ வாசனை இல்லாத மிதமான சோப்பு வாங்கிக் கொடுங்கள். 'சிண்டெட்' என்று கேட்டால் மருந்துக்கடையில் கொடுப்பார்கள். பார்க்க சோப்பு மாதிரி இருக்கும், ஆனால் அவ்வளவு காரம் இருக்காது. ஒவ்வொரு முறை கழுவித் துடைத்ததும் கொஞ்சம் ஈரம் இருக்கும்போதே வாசனை இல்லாத பெட்ரோலியம் ஜெல்லி தடவ வேண்டும். தேங்காய் எண்ணெய் சாதாரண வறட்சிக்கு நல்லது, வெடிப்பு வந்த பிறகு ஜெல்லிதான் நின்று காக்கும். இரவில் கொஞ்சம் தாராளமாகத் தடவிப் பருத்திக் கையுறை போட்டுத் தூங்கச் சொல்லுங்கள். பாத்திரம் தேய்க்கும்போது உள்ளே பருத்தி, வெளியே ரப்பர். எண்ணெய்ச் சட்டி பக்கத்தில் மட்டும் ரப்பர் கையுறை வேண்டவே வேண்டாம். சூட்டில் உருகிக் கையோடு ஒட்டிவிடும்.

ஒரு எச்சரிக்கை. மருந்துக்கடையில் கேட்டதும் தரும் அந்தச் சின்ன ட்யூப், அதாவது அரிப்புக்கு, படைக்கு, எல்லாவற்றுக்கும் ஒன்று என்று கொடுக்கிறார்களே, அதை வாங்காதீர்கள். அதில் வீரியமான ஸ்டீராய்டு இருக்கும். மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத சரக்கு. இரண்டு நாளில் பளிச்சென்று ஆகிவிடும், நிறுத்தினால் முன்பைவிட மோசமாக வரும், மாதக்கணக்கில் போட்டால் தோல் வெங்காயச் சருகு போல மெலிந்துவிடும். எக்ஸிமாவுக்கு நாங்களும் ஸ்டீராய்டு கொடுப்பதுண்டு. எவ்வளவு வீரியம், எத்தனை நாள் என்று அளந்து கொடுப்போம்.

எந்த சோப்பு என்பதைவிட எப்படிக் கழுவுகிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஒரு நாள் சும்மா நின்று பாருங்கள். உள்ளங்கையை மட்டும் தேய்த்துவிட்டுக் குழாயில் காட்டுவார்கள். கட்டை விரல், விரல் நுனி, நக இடுக்கு மூன்றும் தப்பித்துவிடும். மாவு ஒளிந்திருப்பது அங்கேதான். தேய்ப்பது இருபது வினாடியாவது இருக்க வேண்டும், கடிகாரம் பார்க்க வேண்டாம், ஒன்றிலிருந்து இருபது வரை நிதானமாக எண்ணினால் போதும். மோதிரமும் கண்ணாடி வளையலும் வேலை நேரத்தில் வேண்டாம். மோதிரத்துக்கு அடியில் சோப்பு தங்குகிறது, எக்ஸிமா பலருக்கு அங்கேதான் முதலில் ஆரம்பிக்கிறது. மிளகாய் கிள்ளிய கையை மட்டும் முதலில் கொஞ்சம் எண்ணெய் விட்டுத் தேய்த்துப் பிறகு சோப்பு போடச் சொல்லுங்கள். மிளகாயின் காரம் தண்ணீரில் கரையாது.

அப்புறம் துடைப்பது. இங்கேதான் பாதிப் பேர் கோட்டைவிடுகிறார்கள். அழகாகக் கழுவிவிட்டு முந்தானையில் துடைப்பார்கள், இல்லையென்றால் தூணில் காலையிலிருந்து தொங்கும் ஒரே ஈரத் துண்டில் ஆறு பேரும் துடைப்பார்கள். ஈரக் கைதான் கிருமியை அதிகம் வாங்கும், அதிகம் கொடுக்கும். ஆளுக்கு ஒன்றாகச் சின்னச் சின்னப் பருத்தித் துணி, அன்றன்றைக்குத் துவைத்து முற்றத்து வெயிலில் காய்ந்தது. ஆன்டிபாக்டீரியல் சோப்புக்குப் போடும் காசில் இரண்டு டஜன் துணி வாங்கிவிடலாம்.

ஆறு பேர் ஒரே சோப்புக் கட்டியைத் தொடலாமா என்ற சந்தேகம் உங்களுக்கும் வரும். 1988-இல் வெளியான ஒரு ஆய்வில் சோப்புக் கட்டிமேல் வேண்டுமென்றே பாக்டீரியாவைத் தடவி, ஆட்களைக் கழுவ வைத்தார்கள். கைக்கு அது வந்து சேரவில்லை. ஓட்டை உள்ள பெட்டியில் தண்ணீர் வடியும்படி வைத்தால் போதும், கூழில் மிதக்கவிடக் கூடாது. பம்ப் பாட்டில்தான் சுத்தம் என்று நினைக்கிறோம். அது பாதியானதும் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வைக்கும் பழக்கம் நம் எல்லா வீட்டிலும் உண்டு, என் வீட்டிலும் உண்டு. அப்படிச் செய்தால் கெடாமல் இருக்கச் சேர்த்த பொருள் நீர்த்துப் பாக்டீரியா பாட்டிலுக்குள்ளேயே வளரும். பழைய பாட்டிலைக் கழுவாமல் மேலே மேலே ஊற்றி நிரப்புவதும் அதே கதைதான்.

சானிடைசரைச் சமையல்கட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கும் மாவும் இருக்கும் கையில் அது சரியாக வேலை செய்யாது. அதில் பாதிக்குமேல் ஆல்கஹால். உங்களிடம் எரிவது விறகு அடுப்பாக இருந்தால் இதற்குமேல் நான் சொல்ல வேண்டாம்.

வாங்கும்போது அட்டையில் டி.எஃப்.எம். என்று போட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள். சோப்பில் உண்மையான சோப்புச் சத்து எவ்வளவு என்பது அது. 76 சதவீதமும் அதற்குமேலும் இருந்தால் முதல் தரம். 'பேத்திங் பார்' என்று போட்டிருப்பவற்றில் 40 சதவீதம் இருந்தாலே விற்கலாம். ஆன்டிபாக்டீரியல் என்று பெரிய எழுத்தில் போட்டு விலையை ஏற்றி விற்பதில் சில, திருப்பிப் பார்த்தால் இந்த பேத்திங் பார் வகையாக இருக்கும். உங்கள் ஊரில் போர் தண்ணீர் உப்பாக இருந்தால், சோப்பு நுரைக்காமல் தயிர் திரிந்த மாதிரி வெள்ளையாகத் திரண்டு தோலில் படியும். அதுவும் அரிக்கும். நுரை வரவில்லை என்று இன்னும் இன்னும் தேய்க்காமல் நன்றாக அலசச் சொல்லுங்கள். முடிந்தால் கை அலச மட்டுமாவது மழைத் தண்ணீர். வளவு வீட்டு முற்றத்தில் விழுகிற மழையை அண்டாவில் பிடித்து வைத்தவர்களுக்கு அது புதிதில்லை. வேப்பிலை சோப்பு, மஞ்சள் சோப்பு பற்றிக் கேட்டால், கையில் எரியாவிட்டால் போடுங்கள், மூலிகை என்பதற்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள்.

மாமியார் விஷயம். தண்ணீரில் விட்டதும் பால் போல வெளுக்கும் அந்தத் திரவத்தில் இருப்பது பெரும்பாலும் குளோரோசைலினால். 84 வயதில் தோல் ஏற்கெனவே காய்ந்து மெலிந்திருக்கும், சர்க்கரை அதை இன்னும் காய வைக்கும். தினமும் அதில் குளித்தால் அரிப்பு வரும், அரித்தால் சொறிவார்கள், சொறிந்த இடம் புண்ணாகும். சர்க்கரைக்காரர்களுக்குப் புண் வந்தால் என்ன பாடு என்று உங்களுக்குத் தெரியும். வெதுவெதுப்பான தண்ணீர், அக்குள், இடுப்பு மடிப்பு, பாதத்துக்கு மட்டும் கொஞ்சம் சோப்பு, குளித்ததும் உடம்புக்கு எண்ணெயோ மாய்ஸ்சரைசரோ. பாதத்தைத் தினமும் உட்கார வைத்துப் பாருங்கள். விரல் இடுக்கைத் துணியால் ஒற்றி ஈரமில்லாமல் செய்ய வேண்டும். எண்ணெயை இடுக்கில் மட்டும் தடவ வேண்டாம், ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். காயம்பட்டால் சுத்தமான ஓடும் தண்ணீரில் கழுவிக்கொண்டு டாக்டரிடம் வாருங்கள். அந்தத் திரவத்தைத் தண்ணீர் கலக்காமல் புண்ணில் ஊற்றி, தோல் வெந்து வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கிருமி கொல்லும் சோப்பு யாருக்குமே வேண்டாமா என்றால், வேண்டும். ஆபரேஷனுக்கு முந்தின நாள் குளோர்ஹெக்சிடின் போட்டுக் குளிக்கச் சொல்வோம். திரும்பத் திரும்பக் கட்டி வருகிறவர்களுக்குக் குறிப்பிட்ட நாள் கணக்கில் எழுதிக் கொடுப்போம். ஆஸ்பத்திரி ஊழியர்களுக்குத் தேவை இருக்கிறது. இதெல்லாம் சீட்டில் எழுதித் தரும் சமாசாரம், மாத மளிகைப் பட்டியலில் வருவதில்லை.

பெட்டி பெட்டியாக வாங்கி வைத்தது மிச்சம் இருக்கும். தூக்கிப் போட வேண்டாம். தோலில் தொந்தரவு இல்லாதவர்கள் தீரும்வரை போட்டுக்கொள்ளலாம், ஒன்றும் ஆகிவிடாது. பலகாரக் கட்டுக்குள் மட்டும் அது வேண்டாம். அந்தப் பெண்ணை இந்த வாரத்துக்குள் ஒரு தோல் மருத்துவரிடம் அனுப்புங்கள். போகும்போது இப்போது போடும் சோப்பின் அட்டையையும், பாத்திரம் தேய்க்கும் பவுடரின் அட்டையையும் கையோடு எடுத்துப் போகச் சொல்லுங்கள். நீர் கோத்துக் கொப்புளமோ சீழோ இருந்தால் வாரம் வரைகூடக் காத்திருக்க வேண்டாம். கைகள் ஆறியதும் அவரை முதலில் சீப்புச்சீடைக்கு உட்கார வையுங்கள். பால் பணியாரம் கடைசியில்.